சாயக் கழிவுநீரில் மாதிரி எடுக்கும் முறை

சென்ற மாதம் ஒரு சங்கத்தின் கணக்குகளைப் பார்வையிடச் சென்றிருந்தபோது, உழவரான அங்கத்தினர் ஒருவர் ஒரு சீசாவைக் கொணர்ந்து நம் மேசைமேல் வைத்தார். உள்ளே கருஞ்சிவப்பான நீர். தம் கிணற்றுக்கு மேற்கேயுள்ள சாயப்பட்டறையின் வாய்க்காலில் மொண்டதென்றும், அதனைச் சோதனைக்கு அனுப்பி வழக்குத் தொடர உதவ வேண்டுமென்றும் கேட்டார். அப்பட்டறையை நடத்தும் நெசவாளரும் அதே சங்கத்தின் அங்கத்தினரே. சீசாவை முகர்ந்து பார்த்தோம். மண்ணெண்ணெய் வாடை வீசிற்று. அந்நீரைக்கொண்டு உழவருடைய நட்டத்தையும் மெய்ப்பிக்க இயலாது. நெசவாளர் குற்றமற்றவராயின் அதனையும் காட்ட இயலாது.

இத்தகைய பிணக்கின் விளைவை நொய்யல் கரையார் நன்கு அறிவர். 1992-ல் பாசனத்திற்கென ஒரத்துப்பாளையத்தில் கட்டிய அணை, சில ஆண்டுகளிலேயே திருப்பூரின் சாயக் கழிவு தேங்குமிடமாயிற்று. உழவர் நீதிமன்றம் சென்றனர். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் அங்குள்ள சாயப்பட்டறைகளை மூடும்படி உத்தரவிட்டது. வயலும் கெட்டு, பட்டறைத் தொழிலாளரின் கூலியும் நின்றது. ஆகவே, மாதிரி எடுக்கும் முறையை இரு சாராரும் அறிந்திருத்தல் அவசியம்.

1974-ம் ஆண்டு நீர் மாசு தடுப்புச் சட்டத்தின் 21-வது பிரிவு இதற்குரியது. மாசு கட்டுப்பாட்டு வாரியமோ, அது அதிகாரமளித்த உத்தியோகஸ்தரோ எடுக்கும் மாதிரிக்கே அப்பிரிவின்படி மதிப்புண்டு. அவர் பட்டறைக்காரருக்கு அறிவிப்புக் கொடுக்க வேண்டும். பட்டறைக்காரர் கேட்டுக்கொண்டால், அவர் முன்னிலையில் மாதிரியை இரு கூறாக்கி, தனித்தனிக் கலங்களில் இட்டு, முத்திரை வைத்து, இருவரும் கையெழுத்திட வேண்டும். ஒரு கூறு வாரியத்தின் சோதனைச்சாலைக்குச் செல்லும். மற்றொன்றை, பட்டறைக்காரர் விரும்பினால், மாநில அரசு இதற்கெனக் குறித்த சோதனைச்சாலைக்கு அனுப்பலாம். வேண்டுமென்றே அவர் வராதொழிந்தாலும் மாதிரி எடுப்பது நிற்காது. அதிகாரி தாமே முத்திரையிட்டு அனுப்பலாம். இம்முறை வழுவினால் சோதனையின் முடிவை நீதிமன்றம் சாட்சியமாக ஏற்காது. நெசவாளர் பலர் இரண்டாம் கூறைக் கேட்கும் உரிமை தமக்குண்டென்றே அறியார் என்பது நம் அனுபவம்.

இனி, எங்கே எடுப்பது? பட்டறையின் கழிவு வெளியேறும் கடைசி வாயில்தான் இடம். ஊர்ச் சாக்கடையோ மழைநீரோ கலந்தபின் எடுத்தால், எவருடைய கழிவென்று எவரும் சொல்ல முடியாது. நல்ல நீரை ஊற்றி மெலியச்செய்து விதிக்குள் கொண்டுவருவதும் சுத்திகரிப்பு ஆகாது.

எப்பொழுது என்பதே கடினமான கேள்வி. பருத்தி நூலுக்குச் சாயமேற்றும் தொட்டியில், ஆழ்ந்த நிறமாயின், லிட்டருக்கு 50 கிராமுக்கு மேலும் உப்பு இடுவதுண்டு. உப்பு நூலோடு போவதில்லை; ஏறக்குறைய முழுவதும் தொட்டி நீரிலேயே நிற்கும். தொட்டியைத் திறந்துவிடும் வேளையில் எடுத்த மாதிரி ஒரு கதை சொல்லும்; அலசும் நீர் ஓடும் வேளையில் எடுத்தது வேறு கதை சொல்லும். அதனால், மணிக்கொரு முறை சிறிது சிறிதாக எடுத்து, வேலை நேரம் முழுமைக்கும் ஒன்றாகக் கலந்து சோதிப்பதும் ஒரு முறை. ஓட்டத்தின் அளவுக்கேற்பக் கலப்பது இன்னும் மேல். ஆனால் எண்ணெய்ப் பசையை அறியக் கலவை மாதிரி உதவாது. அதற்குத் தனிக் கண்ணாடிப் புட்டியில் நேரே பிடிக்க வேண்டும். புட்டியின் சுவரில் பசை ஒட்டிக்கொள்ளுமாதலால் அதற்கு மாற்றக்கூடாது. அமில கார நிலையையும் வெப்பத்தையும் அவ்விடத்திலேயே அளந்து எழுதிக்கொள்ளுதல் வேண்டும்.

புட்டி சுத்தமாயிருத்தல் வேண்டும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ! உயிர்வேதிப் பிராணவாயுத் தேவைக்குரிய மாதிரியைப் பனிக்கட்டியில் குளிரவைத்து, தாமதமின்றிச் சோதனைச்சாலை சேர்க்க வேண்டும். வெயிலில் பேருந்தின் மேற்கூரையில் கிடந்த நீரில் நுண்ணுயிர்கள் வழியிலேயே தம் வேலையை முடித்திருக்கும்.

நெசவு, சாயப் பட்டறைகளுக்கென 2016-ல் மத்திய அரசு வகுத்த அளவுகளில் நாம் முக்கியமாய் நினைவில் வைக்க வேண்டியவை: அமில கார நிலை 6.5 முதல் 8.5 வரை; லிட்டருக்கு மிதக்கும் திடப்பொருள் 100 மில்லிகிராம், பிராணவாயுத் தேவை 30, கரைந்த திடப்பொருள் 2,100. இக்கடைசி எண்ணே உழவருக்கு உயிர்நாடி. தொட்டியில் இட்ட 50 கிராம் உப்பென்பது 50,000 மில்லிகிராம் அல்லவா? சுண்ணாம்பும் அன்னபேதியும் இட்டால் நிறம் பெரும்பாலும் படிந்துவிடும், உப்போ படியாது. தெளிந்து ஓடுவதால் மட்டும் நீர் நல்லதென்று நெசவாளர் கூறுவதும், சிவந்திருப்பதால் மட்டும் தம் பயிர் கருகிற்று என்று உழவர் கூறுவதும் சோதனைக்கு முன் சொல்லும் பேச்சே.

சீசாவுடன் வந்த அன்பரிடம், கழிவு வந்த நாள், மணி, வாய்க்காலின் இடம், அன்று மழை பெய்ததா என்ற விவரங்களை ஒரு குறிப்பேட்டில் நாள்தோறும் எழுதிவரச் சொன்னோம். தொட்டி திறக்கும் வேளை அதில் தெரிந்துவிடும். அக்குறிப்புடன் வாரியத்தின் மாவட்ட அலுவலகத்திற்கு எழுத்து மூலம் முறையிட்டால், அதிகாரி எவ்வேளையில் வரவேண்டுமென்பது விளங்கும். பட்டறை நடத்தும் அங்கத்தினரையும் அழைத்து, அதிகாரி வரும் நாளில் வெளியூர் செல்லாமல் உடனிருந்து, இரண்டாம் கூறைக் கேட்டுப் பெறும்படி கூறினோம். இருவரும் ஒருவரையொருவர் பாராமலே தலையசைத்தனர்.