குழாய் அதிர்ந்தால் கணக்கும் பிழைக்கும்

பீலியில் தண்ணீர் பிடித்த காலத்தில் எமது மக்கள் லீற்றர்க் கணக்குப் பார்த்ததில்லை. சண்டை வந்தால் அது வரிசைக்காக வந்தது. இன்று நிலைமை வேறு. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லாந்தை மீரியாபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. அதே ஆண்டின் இறுதியில் உமா ஓயாத் திட்டச் சுரங்கத்துக்குள் நிலத்தடி நீர் புகுந்ததையடுத்து, பண்டாரவளைப் பகுதியில் கிணறுகள் வற்றின. வீட்டுச் சுவர்கள் வெடித்தன. இப்படி மண்ணையும் வீட்டையும் இழந்து புதிய குடியிருப்புகளுக்கு வந்த குடும்பங்கள் பலவற்றுக்குத் தண்ணீர் இப்போது மீற்றர் வழியாக வருகிறது. வீட்டோரம் நாலு பாத்தி போஞ்சி போடுவதென்றாலும் அந்த மீற்றரைப் பார்த்துத்தான் போடவேண்டும்.

ஆகவே மீற்றர் சரியாகக் காட்டுவது அவசியம். எடுத்துக்காட்டாக, ஊருக்கு வரும் பொதுக் குழாயின் மீற்றர் மாதம் 300 அலகு காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். வீட்டு மீற்றர்களைக் கூட்டினால் 260 அலகுதான் வருகிறது. ஓர் அலகு 1,000 லீற்றர். எஞ்சிய 40,000 லீற்றர் எங்கே போனது? “மேல் வரிசைக்காரர் திருடுகிறார்கள்” என்று ஒருவர் சொல்வார். “சங்கத்துத் தலைவர் கணக்கைப் புரட்டுகிறார்” என்று இன்னொருவர் சொல்வார். திருட்டும் இருக்கலாம்; ஒழுக்கும் இருக்கலாம். இவற்றோடு நாம் அதிகம் நினைத்துப் பார்க்காத வேறொரு காரணமும் உண்டு. அதுதான் குழாய்க்குள் உண்டாகும் அதிர்வும், அதோடு சேர்ந்து ஓடும் காற்றும்.

குழாய்க்குள் ஓடும் அடி

திறந்திருக்கும் குழாயைச் சடாரென்று மூடினால் சுவருக்குள் “டக்” என்று ஒரு சத்தம் கேட்கும். ஓடி வந்த தண்ணீர் திடீரென நிற்கும்போது, அதன் வேகம் அழுத்தமாக மாறி, ஓர் அலையாகக் குழாய் நெடுகத் திரும்பி ஓடுகிறது. இது ஒலி அலையேதான். திறந்த தண்ணீரில் ஒலி செக்கனுக்கு ஏறக்குறைய 1,480 மீற்றர் ஓடும். இரும்புக் குழாய்க்குள் சுமார் 1,200 மீற்றர். பி.வி.சி. குழாயின் சுவர் சற்று விரிந்து கொடுப்பதால் அதற்குள் சுமார் 400 மீற்றர்தான்.

1897, 1898ஆம் ஆண்டுகளில் மொஸ்கோ நகரின் நீர்க்குழாய்களில் சோதனை செய்த நிக்கொலாய் சுக்கோவ்ஸ்கி என்ற ரஷ்ய அறிஞர், இந்த அடியின் பலத்தைக் கணக்கிடும் வழியைக் காட்டினார். அவருடைய கணக்கின்படி, செக்கனுக்கு ஒரு மீற்றர் வேகத்தில் ஓடும் தண்ணீரைத் திடீரென நிறுத்தினால், பி.வி.சி. குழாயில் 40 மீற்றர் உயரத் தண்ணீரின் அழுத்தம் மேலதிகமாக ஏறும். இரும்புக் குழாயில் அது 120 மீற்றருக்குச் சமம்.

ஊவாவின் மலைச்சரிவுகளில் ஊற்று மேலே, வீடுகள் கீழே. ஒவ்வொரு 10 மீற்றர் இறக்கத்துக்கும் ஏறத்தாழ ஒரு பார் அழுத்தம் கூடுகிறது. ஏற்கெனவே உயர்ந்த அழுத்தத்தில் நிற்கும் குழாயில்தான் இந்த அடியும் விழுகிறது. இணைப்புகள் கழன்று ஒழுகத் தொடங்குவதற்கு இதுவும் ஒரு காரணம்.

மீற்றர் எப்படி ஏமாறுகிறது?

நம் வீடுகளில் உள்ள மீற்றர்களுள் பெரும்பாலானவற்றின் உள்ளே ஒரு சிறு சக்கரம் இருக்கும். தண்ணீர் அதைச் சுழற்றுகிறது. சுழற்சியை எண்கள் கணக்கிடுகின்றன. தண்ணீர் நிதானமாக ஓடினால் கணக்குச் சரியாக இருக்கும். தண்ணீர் விட்டுவிட்டுத் துடித்து ஓடினால், சக்கரம் சட்டென வேகமெடுக்கும். ஆனால் வேகம் குறையும்போது மெதுவாகவே குறையும். அதனால் ஓடியதைவிடச் சற்றுக் கூடுதலாகவே காட்டும். தண்ணீர் முன்னும் பின்னுமாக ஆடினால், பின்னே வந்ததைச் சரியாகக் கழிக்கும்படி எல்லா மீற்றர்களும் அமைக்கப்படவில்லை.

காற்று இதைவிடப் பெரிய பிழையை உண்டாக்கும். தண்ணீர் நின்று மீண்டும் வரும்போது குழாயிலிருந்த காற்று முன்னே தள்ளப்பட்டுச் சக்கரத்தைச் சுழற்றுகிறது. அந்தக் காற்றும் தண்ணீராகவே எண்ணப்படுகிறது.

நல்ல நிலையிலுள்ள புதிய மீற்றருக்குக்கூட, சாதாரண ஓட்டத்தில் நூற்றுக்கு 2 வரையான பிழையைச் சர்வதேச நியமம் அனுமதிக்கிறது. அதாவது 1,000 லீற்றருக்கு 20 லீற்றர் கூடவோ குறையவோ இருக்கலாம். மிகக் குறைந்த ஓட்டத்தில் இது நூற்றுக்கு 5 வரை போகலாம். சொட்டுச் சொட்டாக விழும் தண்ணீரை வீட்டு மீற்றர் எண்ணாமலே விட்டுவிடுவதும் உண்டு.

அதிர்வு எங்கிருந்து வருகிறது?

முதலாவது, கால் சுற்றில் மூடும் போல் வால்வு. இரண்டாவது, தாங்கியிலுள்ள மிதவை வால்வு. தாங்கி நிறையும் வேளையில் நீர்மட்டம் அலைபாய, மிதவை மேலும் கீழும் ஆடும்; வால்வு திறந்து மூடி, திறந்து மூடிக் குழாய் முழுவதையும் நடுங்கச் செய்யும். மூன்றாவது, தேய்ந்த வொஷர். குழாயைத் திறக்கும்போது “ம்ம்ம்” என்று முனகல் கேட்டால் பெரும்பாலும் அதுதான். நான்காவது, பாதி மூடிய வால்வு. அதற்குள் தண்ணீர் சீறிச் சுழன்று வெளியேறும். அதற்கு அருகில் மீற்றர் இருந்தால் கணக்குக் கெடும். பெரிய குழாய்களில் ஒலி அலையைச் செலுத்தி நீரோட்டத்தை அளக்கும் புதுவகை மீற்றர்களையும் இந்த இரைச்சல் குழப்பிவிடுகிறது.

அதிர்வைக் குறைக்கும் வழிகள்

1. வால்வை மெதுவாக மூடுங்கள். 600 மீற்றர் நீளமான பி.வி.சி. குழாயில் அலை போய்த் திரும்ப 3 செக்கன் எடுக்கும். அதற்குள் மூடினால் முழு அடியும் விழும். அரை நிமிடம் எடுத்து மூடினால் அடி பெருமளவு தணிந்துவிடும்.

2. மிதவையைச் சுற்றி, அடியில் துளையிட்ட பழைய பிளாஸ்ரிக் வாளியொன்றைப் பொருத்துங்கள். வாளிக்குள் நீர்மட்டம் அலையாமல் மெதுவாக உயரும், மிதவையும் ஆடாது.

3. குழாயை மண்ணில் புதையுங்கள். புதைக்க முடியாத இடத்தில் கட்டையில் இறுகப் பிணையுங்கள். பிணைக்கும் இடத்தில் பழைய இறப்பர்த் துண்டொன்றை வையுங்கள்.

4. குழாய்ப் பாதையின் மேட்டு இடங்களில் எயார் வால்வு பொருத்துங்கள். உயரம் அதிகமான சரிவுகளில் அழுத்தம் தணிக்கும் தொட்டி அவசியம்.

5. அடி அதிகமாக விழும் இடத்தில், நிமிர்ந்த குழாய்த் துண்டொன்றை இணைத்து மேல் நுனியை மூடிவிடலாம். அதற்குள் அடைபட்ட காற்று அடியைத் தாங்கிக்கொள்ளும். நாளடைவில் அந்தக் காற்றுத் தண்ணீரில் கரைந்துவிடும். எனவே இடைக்கிடை தண்ணீரை வடித்து, மறுபடியும் காற்று நிறைய விடவேண்டும். கொத்மலை, விக்டோரியா மின்நிலையங்களின் சுரங்கங்களில் அழுத்த அலையைத் தணிக்கப் பெரிய நீர்க் கூடங்கள் கட்டப்பட்டுள்ளன. வழி வேறு, நோக்கம் ஒன்றே.

6. மீற்றருக்கு முன்னால் குழாய் விட்டத்தின் 10 மடங்கும், பின்னால் 5 மடங்கும் நேரான குழாய் இருப்பது நல்லது. ஓர் அங்குலக் குழாய்க்கு முன்னே 10 அங்குலம், பின்னே 5 அங்குலம். மீற்றர் எப்போதும் நீர் நிறைந்து நிற்கும் தாழ்ந்த இடத்தில் இருக்கவேண்டும். ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் வால்வு மீற்றருக்குப் பின்னால் வரட்டும்.

மீற்றரின் முத்திரையை ஒருபோதும் உடைக்க வேண்டாம். அது நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் மீற்றரானால், இடமாற்றத்தைச் சபையிடமே கேட்கவேண்டும்.

வாளியும் மணிக்கூடும்

இவற்றுக்கெல்லாம் முன் மீற்றரைச் சோதித்துப் பாருங்கள். அளவு தெரிந்த தாங்கி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். 500 லீற்றர் தாங்கி நல்லது. இல்லாவிட்டால் 20 லீற்றர் வாளியைப் பலமுறை நிரப்பலாம். மீற்றர் இலக்கத்தைக் குறித்துவிட்டு நிரப்புங்கள். நிரம்பியதும் மறுபடியும் குறியுங்கள். ஊர் அடங்கிய இரவில் ஒரு தடவையும், எல்லா வீட்டிலும் குழாய் திறக்கும் காலையில் ஒரு தடவையும் செய்யுங்கள். நேரத்தையும் மணிக்கூட்டில் பார்த்து எழுதுங்கள். இரவில் மீற்றரும் தாங்கியும் ஒத்துப்போய், காலையில் ஒத்துப்போகாவிட்டால், அதிர்வையோ காற்றையோதான் முதலில் சந்தேகிக்கவேண்டும். இரண்டு வேளையும் ஒரே அளவில் பிழை வந்தால் மீற்றரே பழுது.

இன்னொரு சோதனை: இரவில் எல்லா வீட்டு வால்வுகளையும் மூடிவிட்டுப் பொது மீற்றரைப் பாருங்கள். முள் ஒரே சீராக முன்னே நகர்ந்தால் எங்கோ ஒழுகுகிறது, அல்லது கணக்கில் வராத இணைப்பொன்று இருக்கிறது. முள் முன்னும் பின்னும் நடுங்கினால் அது குழாயின் அதிர்வு. அப்போது, தண்ணீரை ஒரு பக்கமாக மட்டும் விடும் நொன் ரிட்டர்ன் வால்வு ஒன்று பெரும்பாலும் உதவும்.

பதுளை மாவட்ட மக்களுக்குச் சங்கமாகச் சேர்ந்து தண்ணீரை நிருவகிப்பது புதிதல்ல. உலக வங்கியின் உதவியுடன் 1993இல் தொடங்கிய சமுதாய நீர்வழங்கல் திட்டம் பதுளை, இரத்தினபுரி, மாத்தறை மாவட்டங்களில் நடைபெற்றது. 2014இல் இத்தகைய சங்கங்களுக்கென்றே தேசிய சமூக நீர் வழங்கல் திணைக்களமும் அமைக்கப்பட்டது. தொழில்நுட்ப உதவியை அங்கே எழுத்தில் கேட்கலாம்.

கேட்கப் போகும்போது இச்சோதனைகளின் முடிவுகளை ஒரு கொப்பியில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். சோதனையை மேல் வரிசையிலிருந்து ஒருவரும் கீழ் வரிசையிலிருந்து ஒருவருமாகச் சேர்ந்தே செய்யுங்கள். இருவரும் கையொப்பம் இடுங்கள். மலை சரிந்த நாளில் ஒருவரை ஒருவர் தேடி ஓடியவர்கள், 40 அலகுக்காக முகம் பாராமல் இருக்கக்கூடாது. யாரையும் திருடர் என்று சொல்வதற்கு முன், இரண்டு இரவும் ஒரு வாளியும் செலவழித்துப் பார்ப்போம்.