இடது காலுக்கு வேலை இல்லை

சனிக்கிழமை காலை பத்து மணிக்குமேல், மலேசியாவில் எங்கள் மலையூரான கியா பார்மின் சந்தை வாசலில் எந்தக் காரும் ஓடாது, ஊரும். பிரிஞ்சாங்கிலிருந்து ஏறி வரும் வரிசையும் கம்போங் ராஜா, திரிங்காப் பக்கமிருந்து வரும் வரிசையும் அங்கேதான் முட்டிக்கொள்கின்றன. ஸ்ட்ராபெரி வாங்க ஒருவர் நடுரோட்டில் பிரேக் அடிப்பார். அவருக்குப் பின்னால் நாற்பது கார் மூச்சுவிட்டுக்கொண்டு நிற்கும். அந்த வரிசையைப் பார்த்துக்கொண்டே, ஸ்ட்ராபெரிக் கடையில் வேலை செய்யும் என் தம்பி மகள் கேட்டாள்: "பெரியப்பா, கார் எடுக்கப் போறேன். மைவிதான். பழைய மூஞ்சியா, புது மூஞ்சியா?"

மூஞ்சி என்று அவள் சொன்னது சரியான சொல். பெரோடுவா மைவியின் மூன்றாம் தலைமுறை 2017 நவம்பரில் வந்தது. நான்கு வருடம் கழித்து, 2021 நவம்பரில், அதே காருக்கு முன் பம்பரை மாற்றி, பகலிலும் எரியும் விளக்குக் கோட்டை இழுத்து, புது நிறம் பூசி விட்டார்கள். பழையது இப்போது இரண்டாம் கையாகத்தான் கிடைக்கும். அதன் விலை குறைவு. புதியதற்கு ஒன்பது வருட லோன்.

நான் யோசிக்கவே இல்லை. "மேனுவல் கியர் வண்டி கிடைச்சா பழையதையே எடு. மலையில இருக்கோம்" என்றேன்.

அவள் கைப்பையிலிருந்து லைசென்ஸை எடுத்து நீட்டினாள். டிஏ. ஆட்டோ வண்டி மட்டும் ஓட்டலாம். மேனுவலைத் தொட்டால் சட்டப்படி குற்றம். "எனக்கு கிளட்ச்னா என்னன்னே தெரியாது பெரியப்பா."

மலையில் பிறந்த பிள்ளை, கிளட்ச் தெரியாது! கோபம் வரவில்லை. ஆனால் கொஞ்ச நேரம் பேச்சு வரவில்லை.

எங்கள் அப்பா தோட்டத்தில் கொழுந்து லாரி ஓட்டியவர். லயத்திலிருந்து பள்ளிக்கு நடந்துபோன எங்களுக்கு அந்த லாரிதான் உலகத்திலேயே பெரிய பொருள். அவர் எங்களுக்குக் கற்றுக்கொடுத்த ஒரே பாடம் இதுதான்: எந்த கியரில் ஏறினாயோ அந்த கியரிலேயே இறங்கு. பிரேக்கை நம்பி இறங்குகிறவன் கடைசி வளைவில் பிரேக்கைத் தேடுவான் என்பார். தாப்பா ரோட்டில் இறங்கும்போது முன்னால் போகும் வண்டியிலிருந்து கருகல் வாடை வந்தால் கண்ணாடியை ஏற்றிவிட்டு, "யாரோ கீழ்நாட்டுக்காரன்" என்று தலையாட்டுவார்.

அன்றைக்குக் காரைப் பற்றிக் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று. ஏறுமா? அதற்கு அந்த மலை கொடுத்த பழைய பதில் லேண்ட் ரோவர். சீனத் தோட்டக்காரர்கள் கோஸ் மூட்டை ஏற்றி, சேற்றில் வழுக்கி, கதவு இல்லாமலும் ஓட்டினார்கள். இன்றும் கியா பார்மின் பக்கச் சந்துகளில் துருப்பிடித்த அந்த முகங்களைப் பார்க்கலாம். அவை எந்த வருடத்து மாடல் என்று யாரும் கேட்பதில்லை, அவற்றுக்குப் பழைய மூஞ்சி புது மூஞ்சி என்ற கவலையும் இல்லை.

சம்பளக்காரன் வீட்டு வாசலில் கார் வந்து நின்றது 1994-க்குப் பிறகுதான். அந்த ஆகஸ்டில் பெரோடுவா தன் முதல் காராகக் கான்சிலை வெளியிட்டது. கான்சில் என்றால் மலாய் மொழியில் சருகுமான். டைஹாட்சு மீராவின் உடல், 660 சிசி, மூன்று சிலிண்டர். பொருத்தமான பெயர்தான், கைக்கு அடங்கும் உருவம். எங்கள் வீட்டுக்கு வந்தது பழைய கான்சில். நான்கு பேரும் ஒரு அரிசி மூட்டையும் ஏறினால், ரிங்லெட் தாண்டிய ஏற்றத்தில் அதற்கு இரண்டாவது கியர்தான் கதி. கீழே தாப்பாவில் ஏசி போட்டுக்கொண்டு புறப்படுவோம். ஏற்றம் தொடங்கியதும் அப்பா சுவிட்சை அணைத்துவிடுவார். வண்டிக்கு மூச்சு வரும். மேலே வந்தால் மலையே ஏசி. அந்தக் காரின் குறையாக அதை நாங்கள் நினைத்ததே இல்லை, அது மலைக்குச் செய்யும் மரியாதை மாதிரி. ரோட் டேக்ஸ் வேறு வருடத்துக்கு இருபது வெள்ளி. யார் குறை சொல்லுவார்?

கான்சிலுக்கும் பின்னாளில் முகம் மாற்றினார்கள், 850 சிசியும் வந்தது. ஊரில் யாரும் முகத்தைப் பற்றிப் பேசியதாக நினைவில்லை. "எண்ணூத்தம்பது ஏசி போட்டாலும் ஏறுதாம்" என்றுதான் பேச்சு. இப்போது தம்பி மகள் கேட்பது விளக்கைப் பற்றி என்று முதலில் நினைத்தேன். அங்கேதான் நான் தப்புக்கணக்கு போட்டேன்.

அடுத்த வாரம் இரண்டையும் ஓட்டிப் பார்த்தோம். தானா ராத்தாவில் தெரிந்தவர் ஒருவர் விற்கவிருந்த 2018 மைவி, 1.5 ஆட்டோ. கடையில் கூட வேலை செய்யும் பெண்ணின் 2022 மைவி, அதுவும் 1.5. ஓட்டிய ரோடு, கியா பார்மிலிருந்து பிரிந்து சுங்கை பாலாஸ் தேயிலைத் தோட்டத்துக்குள் போகும் ஒற்றை ரோடு. எதிரே வேன் வந்தால் ஒருவர் பின்னால் போக வேண்டிய அகலம். தேயிலைச் சரிவு இரண்டு பக்கமும் சீப்பு வாரினாற்போல் கிடக்கும். ஆனால் ஓட்டுகிறவன் அதைப் பார்க்கக் கூடாது.

இன்ஜின் இரண்டிலும் ஒன்றுதான். அதே நாலு சிலிண்டர், அதே நூற்றுச் சொச்சக் குதிரைச் சக்தி. வித்தியாசம் நடுவில் இருக்கும் பெட்டியில். பழையதில் நாலு கியர் ஆட்டோ. ஏற்றத்தில் அது இரண்டாவதில் உறுமும், கொஞ்சம் வேகம் வந்ததும் மூன்றாவதுக்குத் தாவும், பலம் போதாமல் மறுபடி இரண்டுக்கு இறங்கும். நாலே படி உள்ள ஏணியில் ஏறினால் எந்த வண்டியும் அப்படித்தான் செய்யும். புதியதில் டி-சிவிடி. இரண்டு கப்பி, நடுவில் ஒரு பெல்ட். கப்பிகள் விரிந்து சுருங்க, படி இல்லாமல் விகிதம் மாறிக்கொண்டே போகும். வேகம் கூடும்போது பல்சக்கரமும் கூட வந்து பாரத்தைப் பங்குபோட்டுக்கொள்ளும். மலேசியாவில் இதை முதலில் கொண்டுவந்தது 2021 மார்ச்சில் வந்த பெரோடுவா அத்தீவா. சுங்கை பாலாஸ் ஏற்றத்தில் அந்தப் பெட்டி ஒரே குரலில் முனகியது, ஆனால் ஒருமுறைகூட உதறவில்லை. சரிவில் நிறுத்தி மறுபடி எடுத்தபோது என் இடது கால் தானாகப் போய் வெறும் தரையை மிதித்தது. பக்கத்தில் இருந்தவள் பார்த்துவிட்டாள். சிரிக்கவில்லை, நல்ல பிள்ளை.

ஆக, முகம் மாறியது என்று ஊர் சொன்ன காரில் உண்மையில் மாறியது வயிறு. முகத்தைப் பார்த்துக் காசு கொடுப்பவர்கள் கொடுக்கட்டும். மேனுவல் கியரும் அந்த 2021 மாற்றத்தோடுதான் மைவியிலிருந்து போனது. 2017-ல் மிகக் குறைந்த விலை மைவி, சுமார் 44,300 வெள்ளிக்கு, மேனுவலாக இருந்தது. 2021-ல் விலை 45,900-ல் தொடங்கி 58,800 வரை போனது, எல்லாம் ஆட்டோ. மூன்று பெடல் வேண்டும் என்பவனுக்கு ஒரு கதவு திறந்திருந்தது: 2023-ல் புது அக்சியா வந்த பிறகும், பழைய உடலோடு மேனுவல் அக்சியாவை 22 ஆயிரம் வெள்ளிக்கு விற்றார்கள். பழைய முகம் கடையிலேயே புது முகத்துக்குப் பக்கத்தில் நிற்பது அபூர்வம். என் லைசென்ஸுக்கு அது ஆகும், அவள் லைசென்ஸுக்கு ஆகாது.

பிரிஞ்சாங்கில் எனக்குப் பழக்கமான பட்டறைத் தவுக்கேயிடம் புது மைவியின் சிவிடி பெட்டியைப் பற்றிக் கேட்டேன். பானட்டைத் திறக்காமலே சொன்னார்: "கிளட்ச் பிளேட் போனா சில நூறு வெள்ளி. அந்தப் பெட்டி போனா ஆயிரக் கணக்கு. எண்ணெயைச் சொன்ன நேரத்தில் மாத்து, போகாது." நான் கேட்ட யோசனைகளில் அதுதான் உருப்படி.

புது மைவியின் உயர்ந்த மாடலில் கண்ணாடிக்கு மேலே இரட்டைக் கேமரா. முன்னால் போகும் வண்டியோடு இடைவெளி விட்டுத் தானே வேகத்தைக் குறைக்கும், கோட்டை விட்டு விலகினால் ஸ்டீயரிங்கை இழுக்கும். நெடுஞ்சாலையில் ஈப்போவுக்கோ கோலாலம்பூருக்கோ போகிறவருக்கு நல்லதுதான். மதியம் மூன்று மணிக்குக் கியா பார்மில் மூடுபனி இறங்கினால், அந்தக் கேமராவும் நம்மைப் போலத்தான், வெள்ளையைத்தான் பார்க்கும். அந்த வசதிக்காக மட்டும் உயர்ந்த மாடலுக்குப் போகாதே என்று சொன்னேன். அவள் ஏற்கெனவே 1.3-ஐக் கணக்குப் போட்டு வைத்திருந்தாள். ரோட் டேக்ஸ் எழுபது வெள்ளி, 1.5-க்குத் தொண்ணூறு. இருபது வெள்ளி வித்தியாசத்தை அவள் சொன்ன விதத்தில் எங்கள் அம்மா தெரிந்தார்.

கடைசியில் புது மூஞ்சியையே எடுத்தாள். வெள்ளை நிறம். சனிக்கிழமை நெரிசலில் கிளட்சை அரைப் பிடியில் வைத்து இடுப்பொடியும் வேலை அவளுக்கு இல்லை. அந்த வரிசையில் முப்பது வருடம் கால் நோக நின்ற நான் அதைத் தப்பு என்று எப்படிச் சொல்வது?

எனக்கு இருந்த பயம் இறக்கம்தான். பூசை போட பிரிஞ்சாங் தண்டாயுதபாணி கோயிலுக்கு அவள் ஓட்ட, நான் பக்கத்தில். சந்தையைத் தாண்டி ரோடு கீழே சரிந்தது. முன்னால் ஒரு சுற்றுலா வேன், பிரேக் விளக்கு அணையாமல் எரிந்துகொண்டே போனது. கருகல் வாடை வந்தது. அப்பா மாதிரி கண்ணாடியை ஏற்றினேன். அவள் ஒன்றும் கேட்கவில்லை. இடது கையை லீவரில் வைத்து, 'டி'யிலிருந்து கீழே ஒரு படி இழுத்தாள். இன்ஜின் குரல் உயர்ந்தது, வண்டி யாரோ பின்னாலிருந்து பிடித்தாற்போல் அடங்கியது. அவள் கால் பிரேக்கில் இல்லை.

"யார் சொல்லிக் கொடுத்தா?" என்றேன்.

"தாத்தா. சின்னப் பிள்ளையில லாரியில போறப்ப."