வாயுவின் ஆள்மாறாட்டம்

தூத்துக்குடியில் சோடா உப்பு தயாரிக்கும் ஆலை ஒன்றில், நிலக்கரிக் கொதிகலனின் புகையிலிருந்து கரியமில வாயுவைப் பிரித்தெடுக்கும் பிரிவு 2016-இல் தொடங்கப்பட்டது. ஆண்டுக்கு 60,000 டன் பிரிப்பது அதன் இலக்கு. பிரித்த வாயுவே சோடா உப்புக்கு மூலப்பொருளும் ஆகும்.

இத்தகைய ஆலைகளில் ஓர் உயர்ந்த கோபுரம் இருக்கும். கீழிருந்து புகை ஏறும். மேலிருந்து கரைசல் வழியும். 1930-இல் பாட்டம்ஸ் என்பவர் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற நாள்முதல் இதற்குப் பெரிதும் பயன்படுவது அமீன் கலந்த நீரே. கோபுரம் எவ்வளவு உயரம் வேண்டும்? குறைந்தால் வாயு தப்பிவிடும். மிகுந்தால் பணம் வீண். இதைக் கணக்கிட, கரைசலில் வாயு எவ்வளவு கரையும், எவ்வளவு விரைவாகப் பரவும் என்னும் இரண்டும் தெரிய வேண்டும்.

வெறும் நீரில் இவற்றை அளப்பது எளிது. ஆடிக் கிருத்திகையன்று எங்கள் திருத்தணி மலையின் 365 படிகளில், நெரிசலில் நாற்புறமும் இடிபடும் ஒருவரை எண்ணிப் பாருங்கள். நீருக்குள் வாயு மூலக்கூறின் பாடும் அதுவே. ஒரு சென்டிமீட்டர் நகர ஏறத்தாழ 7 மணி நேரம் ஆகும்! ஆகவே ஆய்வகத்தில், நிமிர்ந்த குழாயின்மீது நீரை மெல்லிய படலமாக வழியவிட்டு, அரை வினாடி மட்டும் வாயுவைத் தொடச் செய்கிறார்கள். அதற்குள் வாயு சுமார் 0.03 மில்லிமீட்டர் ஆழமே புகும். உறிஞ்சப்பட்ட அளவிலிருந்து பரவல் எண்ணைக் கணக்கிடலாம்.

அமீன் கரைசலிலோ, உள்ளே புகுந்த கரியமில வாயு உடனே வினைபுரிந்து வேறு பொருளாகிவிடுகிறது. ஓட்டைக் குடத்தின் கொள்ளளவை நீர் ஊற்றி அளப்பது போன்ற வேலை இது!

இங்கேதான் ஆள்மாறாட்டம். பல் மருத்துவர் பயன்படுத்தும் சிரிப்பூட்டும் வாயுவாகிய நைட்ரஸ் ஆக்சைடுக்கும் மூலக்கூறு எடை 44, எலக்ட்ரான்கள் 22, மூன்று அணுக்களும் ஒரே நேர்க்கோட்டில். எல்லாம் கரியமில வாயுவைப் போலவே. ஆனால் அமீனுடன் அது வினைபுரியாது. 25° செல்சியசில் நீரில் கரியமில வாயுவின் பரவல் எண் 1.92, நைட்ரஸ் ஆக்சைடுக்கு 1.78 (வினாடிக்குச் சதுர மீட்டரில், நூறு கோடியில் ஒரு பங்கு அலகு). அமீன் கரைசலில் நைட்ரஸ் ஆக்சைடின் எண் 1.20 என அளந்ததாகக் கொள்வோம். அதை 1.92/1.78 ஆல் பெருக்கினால் 1.29. இதுவே அக்கரைசலில் கரியமில வாயுவின் எண். கரைதிறனுக்கும் இதே விகித முறைதான்.

நீரில் உள்ள விகிதம் கரைசலிலும் மாறாது என்று எப்படி நம்புவது? மாணவர்கள் கேட்க வேண்டிய கேள்வி இது. 1981-இல் லத்தா, டயஸ், டாங்க்வெர்ட்ஸ் மூவரும், வாயுக்களோடு வினைபுரியாத கரிமச் சேர்மங்களின் நீர்க் கரைசல்களில் இரு வாயுக்களின் கரைதிறனையும் அளந்தனர். விகிதம் ஏறத்தாழ மாறாதிருந்தது. அமீனுக்குள் மட்டும் நேரடிச் சோதனைக்கு இடமில்லை. நீர் குறைந்து அமீன் மிகுந்த கரைசல்களில், இக்கணக்கைச் சற்று எச்சரிக்கையுடனேயே கையாள வேண்டியிருக்கிறது.