மிஞ்சிய உணவும் மானிய உதவியும்

விருந்தில் மிஞ்சிய சோறு பசித்தவரை அடையத் தடையாய் நிற்பவை பெரும்பாலும் காலமும் தூரமுமே. பள்ளிச் சத்துணவை மேற்பார்த்த நான் இதனை நன்கறிவேன். சமைத்த உணவு 60 பாகை செல்சியசுக்குக் கீழே ஆறியதும் நுண்ணுயிர்கள் பெருகத் தொடங்கும். காலம் கடப்பின் ஈகையே நோயாகும்.

கலிபோர்னியா மாநிலம் 2016-இல் இயற்றிய சட்டம், குப்பைக்குச் செல்லும் உண்ணத்தக்க உணவில் 20 விழுக்காட்டை 2025-க்குள் மீட்க இலக்கு வகுத்தது. 2022 முதல் அப்பொறுப்பு நகரங்களையும் கவுண்டிகளையும் சார்ந்தது. உணவு வங்கிகளுக்கு வழங்கப்பட்ட மானியத்தால் குளிர்பதன வண்டிகளும் உறைபெட்டிகளும் வாங்கப்பட்டன.

வண்டி வாங்க ஒருமுறை பணம் போதும். ஓட்டுநர் ஊதியமோ மாதந்தோறும் வேண்டும். ஆகவே, மானியம் வழங்குவோர் பொருளுக்கு மட்டுமன்றி ஆளுக்கும் வகை செய்தல் வேண்டும். இன்றேல் வண்டி கொட்டகையில் நிற்கும். உணவு குப்பையிற் சேரும்.