நகர்ந்தது ஒளியா, கண்ணாடியா?

ஒளி எதிரொளிப்பு பாடத்துக்காக, முகம் பார்க்கும் சிறு கண்ணாடி ஒன்றைச் சன்னல் கம்பியில் கட்டி, வெயிலை எதிர்ச்சுவரில் விழச் செய்திருந்தேன். எங்கள் பள்ளி இருப்பது பூந்தமல்லியில். நெடுஞ்சாலை லாரிகளும் மெட்ரோ ரயில் வேலையும் ஓயாத பகுதி இது. கனரக வண்டி ஒன்று கடந்தபோது சுவரிலிருந்த ஒளிவட்டம் நடுங்கியது. சிறிது நேரத்தில் அது சாக்பீஸால் குறித்த இடத்தை விட்டும் விலகியிருந்தது. "டீச்சர், நகர்ந்தது வெயிலா, கண்ணாடியா?" என்று ஒரு மாணவி கேட்டாள்.

நடுங்கியதற்குக் கண்ணாடி காரணம், விலகியதற்குச் சூரியன் காரணம் என்று அப்போது விளக்கினேன். ஆனால் சுவரை மட்டும் பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். பல கோடி ரூபாய்க் கருவிகளோடு வேலை செய்யும் இந்தூர் விஞ்ஞானிகளையும் இதே கேள்விதான் விரட்டுகிறது.

மத்தியப் பிரதேசத்தின் இந்தூரில், ராஜா ராமண்ணா உயர் தொழில்நுட்ப மையத்தில் 'இண்டஸ்-2' என்ற சிங்க்ரோட்ரான் இருக்கிறது. ஏறத்தாழ 172 மீட்டர் சுற்றளவுள்ள அந்த வளையத்தில் 2.5 ஜிகா எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள எலக்ட்ரான்கள் சுற்றுகின்றன. காந்தங்கள் அவற்றின் பாதையை வளைக்கும்போது வலிமையான எக்ஸ் கதிர்கள் வெளிப்படுகின்றன. அந்தக் கதிரைப் பல மீட்டர் தூரம் கொண்டுசென்று, படிகங்களில் பட்டுத் திரும்பச் செய்து, ஆய்வுக்குரிய பொருளின்மேல் விழச் செய்கிறார்கள்.

இதில் நிலைத்தன்மை ஏன் அவ்வளவு முக்கியம்? ஆர்சனிக்கை எடுத்துக்கொள்வோம். மேற்கு வங்கம், பீகார் மாநிலங்களின் நிலத்தடி நீரில் அது பெரும் தொல்லை. அதன் +3 வடிவம் +5 வடிவத்தைவிட நச்சு மிகுந்தது. மண்ணில் எளிதாக நகரக்கூடியது. எக்ஸ் கதிரின் ஆற்றலைச் சிறிது சிறிதாக உயர்த்திக்கொண்டே போனால், சுமார் 11,867 எலக்ட்ரான் வோல்ட்டில் ஆர்சனிக் அதைத் திடீரென அதிகமாக உட்கவரும். அந்த ஏற்றம் +5 வடிவத்தில் சற்று உயர்ந்த ஆற்றலில் நிகழும். இரண்டு வடிவங்களுக்கும் இடையே உள்ள வேறுபாடு ஏறத்தாழ 4 எலக்ட்ரான் வோல்ட் மட்டுமே.

ஆற்றலைத் தேர்ந்தெடுப்பது சிலிக்கான் படிகத்தின் கோணம். மேல்நிலை வகுப்பில் நாம் நடத்தும் பிராக் சமன்பாடுதான் இங்கே வேலை செய்கிறது. பெரும்பாலும் பயன்படும் சிலிக்கான் (111) தளங்களின் இடைவெளி 3.136 ஆங்ஸ்ட்ராம். கணக்கிட்டால் கோணம் சுமார் 9.6 பாகை வரும். அந்தக் கோணம் ஒரு பாகையில் 1000-ல் 3 பங்கு பிசகினாலே ஆற்றல் ஏறத்தாழ 3.7 எலக்ட்ரான் வோல்ட் மாறிவிடும். கவனிக்கத் தவறினால், நச்சு மிகுந்த வடிவம் நச்சு குறைந்ததாகப் பதிவாகிவிடும். (12ஆம் வகுப்பு மாணவர்களிடம் இந்தக் கணக்கைக் கொடுத்துப் பாருங்கள். பாடநூல் கணக்குகளைவிட ஆர்வமாகப் போடுகிறார்கள்.)

பிசகுக்குக் காரணங்கள் பல. எலக்ட்ரான் பாதை மேலும் கீழும் சாய்ந்தால், கதிர் படிகத்தில் விழும் கோணமும் மாறும். அறையின் வெப்பநிலை, குளிர்நீர் ஓடும் குழாய்களின் அதிர்வு, சாலைப் போக்குவரத்து எல்லாமே பங்காளிகள். நிலவுகூட விலக்கல்ல. ஜெனீவா அருகே 27 கிலோமீட்டர் சுற்றளவில் இருந்த எல்.இ.பி. என்ற எலக்ட்ரான் வளையத்தின் சுற்றளவு, நிலவின் ஈர்ப்பால் தரை வீங்கி இறங்கும்போது சுமார் ஒரு மில்லிமீட்டர் மாறியது. எலக்ட்ரான்களின் ஆற்றலில் அது தெரிந்தது.

இன்னொரு சிக்கலைக் கதிரே உண்டாக்குகிறது. வழக்கமாகப் படிகங்கள் இணையாக இரண்டு இருக்கும். முதல் படிகம் கதிரின் வெப்பத்தை வாங்கிச் சற்றே புடைக்க, இரண்டும் இணையாக இல்லாமல் போய்க் கதிர் மங்கும். அதனால் படிகத்தை நீராலோ திரவ நைட்ரஜனாலோ குளிர்விக்கிறார்கள். சிலிக்கான் சுமார் 125 கெல்வினில் ஏறக்குறைய விரிவதும் இல்லை, சுருங்குவதும் இல்லை. இயற்கை தந்த சலுகை!

எல்லாம் செய்தும் எஞ்சும் அசைவுக்குப் பின்னூட்டம் உண்டு. வளையத்தைச் சுற்றியுள்ள உணரிகள் எலக்ட்ரான் கற்றையின் இடத்தைச் சொல்ல, கணினி சிறு காந்தங்களின் மின்னோட்டத்தைத் திருத்துகிறது. இண்டஸ்-2இல் மெதுவான விலகலுக்கு ஒன்று, விரைவான நடுக்கத்துக்கு ஒன்று என இருவகைப் பின்னூட்டங்கள் உள்ளன.

ஏன் இரண்டு? இதை வகுப்பிலேயே காட்டலாம். கண்ணாடியைத் தாளால் மூடி, நடுவில் சிறு துளை மட்டும் விடுங்கள். 6 மீட்டர் தள்ளியுள்ள சுவரில் ஒளிவட்டம் நிமிடத்துக்கு ஏறத்தாழ இரண்டரை சென்டிமீட்டர் நகரும். கண்ணாடி ஒரு பாகை திரும்பினால் கதிர் இரண்டு பாகை திரும்பும். வட்டம் 21 சென்டிமீட்டர் தாண்டும். ஒரு மாணவர் சுவரைப் பார்த்து "மேலே, கீழே" என்று சொல்ல, இன்னொருவர் சுவரைப் பார்க்காமல் கண்ணாடியைத் திருத்த வேண்டும். சூரியனால் வரும் விலகலை எளிதில் சமாளிப்பார்கள். மேசையை லேசாக ஆட்டிவிட்டால் போச்சு! "மேலே" என்ற சொல் போய்ச் சேர்வதற்குள் வட்டம் கீழே இருக்கும்; திருத்தமே ஆட்டத்தைக் கூட்டிவிடும். யாரும் கண்ணாடியை நேராகப் பார்க்கக் கூடாது என்பதை மட்டும் முதலிலேயே கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்.

அந்த மாணவியின் கேள்விக்கு ஆய்வகங்கள் வைத்திருக்கும் பதில் எனக்கு மிகவும் பிடித்தது. பொருளுக்கு முன்னும் பின்னும் கதிரின் செறிவை அளந்து வகுத்துவிடுகிறார்கள். அதற்கும் பின்னால், ஆற்றல் நன்றாகத் தெரிந்த ஒரு தனிமத் தகட்டை வைத்து அதையும் கூடவே அளக்கிறார்கள். ஆர்சனிக் ஆய்வில் தங்கத் தகடு வைப்பதுண்டு. அதன் ஏற்றம் 11,919 எலக்ட்ரான் வோல்ட்டில், பக்கத்திலேயே இருக்கிறது. தங்கத்தின் கோடும் சேர்ந்து நகர்ந்திருந்தால் நகர்ந்தது கதிர். தங்கம் அசையாமல் ஆர்சனிக்கின் கோடு மட்டும் நகர்ந்திருந்தால் மாற்றம் பொருளில்.

அடுத்த நாள் அவளிடம் இதைச் சொன்னேன். அவள் இன்னொரு கண்ணாடித் துண்டைக் கொண்டுவந்து, முதல் கண்ணாடிக்குப் பக்கத்தில், கம்பியில் கட்டாமல் சன்னல் சுவரிலேயே ஒட்டினாள். சுவரில் இப்போது இரண்டு வட்டங்கள். லாரிக்காகக் காத்திருந்தோம்.