ஓராண்டு வாசிப்பு

புத்தாண்டிலே படிக்க வேண்டிய நூல்களைக் குறித்து வைப்போர் பலர்; வாரங்களை எண்ணிப் பார்ப்போர் சிலரே. சிலப்பதிகாரத்தில், பதிகம் நீங்கலாக, 30 பகுதிகள் உள. வாரத்துக்கு ஒன்றாக உரையுடன் ஊன்றிப் படித்தால் 22 வாரங்கள் எஞ்சும். கதைத்தொடர்பு கருதி மணிமேகலையை அடுத்து எடுக்க மனம் விழையும். அதிலோ மேலும் 30 காதைகள்! இரண்டையும் ஓராண்டிலே முடிக்க முனைவோர் முதலிற் கைவிடுவது உரையைத்தான். பின்னர்ப் பக்கம் புரளும், பொருள் விளங்காது. ஆதலின் மணிமேகலையை மறு ஆண்டுக்கு ஒதுக்குவதே தக்கது. எஞ்சிய வாரங்களுட் சிலவற்றை நோயும் விருந்தும் விழுங்கிவிடும். மற்றவற்றுக்குப் புறநானூறு பொருந்தும். அதன் பாட்டுக்கள் தனித்தனியே நிற்பவை. பத்து நாள் விட்டுத் தொடங்கினாலும் இழை அறாது. படித்த நாளை ஏட்டின் ஓரத்திலே குறித்துக்கொள்ளலாம். இரவல் நூலாயின், தனித்தாளிலே.