கதவில்லாத காடு
கியோட்டோவின் மூங்கில் தோப்பில் அமைதி வேண்டுமா? கடைகள் திறப்பதற்குள் போய்வந்துவிட வேண்டும்.

ஜப்பானின் பழைய தலைநகரான கியோட்டோவில் பல கோயில்கள் காலை எட்டரை, ஒன்பது மணிக்குத்தான் பார்வையாளர்களை அனுமதிக்கின்றன. நகரின் மேற்குக் கோடியில், அரஷியாமா மலைக்கு எதிர்க்கரையில் உள்ள சாகானோ மூங்கில் தோப்புக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. கதவும் இல்லை, கட்டணமும் இல்லை. எந்த நேரத்திலும் நடந்துபோகலாம். விஷயம் தெரிந்தவர்கள் இருட்டு விலகும் முன்பே கிளம்பிவிடுகிறார்கள். கியோட்டோ ரயில் நிலையத்திலிருந்து சாகா-அரஷியாமா நிலையத்துக்குக் கால் மணி நேரப் பயணம். அங்கிருந்து பத்து நிமிட நடை. ஜூன் மாதத்தில் அங்கே ஐந்து மணிக்கு முன்பே பொழுது விடிந்துவிடும்.

பாதை சில நூறு மீட்டர்தான். இருபுறமும் காய்ந்த மிலாறுகளைக் கட்டி எழுப்பிய வேலி. அதற்குப் பின்னால் நெட்டுக்குத்தாக மூங்கில்கள். கிளைகள் உச்சியில் மட்டுமே விரிவதால் கீழே வெயில் நேராக விழுவதில்லை. இலைகளில் வடிகட்டி, பச்சையாக இறங்குகிறது. காற்றடித்தால் முதலில் மேலே சலசலப்பு. பிறகு ஒரு மூங்கில் இன்னொன்றின் மீது மோதும் 'டொக்' என்ற சத்தம். 1996இல் ஜப்பானின் சுற்றுச்சூழல் துறை, பாதுகாக்க வேண்டிய நூறு 'ஒலிக் காட்சி'களைப் பட்டியலிட்டபோது கியோட்டோ மூங்கில் காடுகளின் ஓசைக்கும் அதில் இடம் கிடைத்தது. இன்று அந்த ஓசையைக் கேட்க அதிகாலையே ஏற்ற நேரம். பத்து மணிக்கு மேல் காதில் விழுவது செருப்புச் சத்தமும் காமிராக்களின் 'க்ளிக்'கும்தான்.

<b>புல்லின் அவசரம்</b>

காடு என்று பெயர் பெற்றாலும் இங்கே நிற்பது மரமல்ல, புல் இனம். ஏப்ரல், மே மாதங்களில் மண்ணைப் பிளந்து வரும் முளை, இரண்டு மூன்று மாதங்களுக்குள் முழு உயரத்தையும் எட்டிவிடுகிறது. சாதகமான சூழலில் ஒரே நாளில் ஒரு மீட்டர் வளர்வதும் உண்டு. வெளியே தலைகாட்டும்போது என்ன பருமனோ, கடைசிவரை அதே பருமன்தான். மரத்தைப் போல ஆண்டுக்கு ஒரு வளையமாகப் பருத்துக்கொண்டே போவதில்லை.

இந்தத் தாவரவியல் விவரம் பாடப்புத்தகத்தோடு நின்றுவிடவில்லை. மரப்பட்டையில் ஏற்படும் காயத்தைப் புதிய திசு மெல்ல மூடிவிடும். மூங்கிலின் தோலில் கத்தியால் கீறினால் மூடுவதற்கு எதுவும் வளராது. 2018இல் இந்தப் பாதையோரம் சுமார் நூறு மூங்கில்களில் பெயர்களும் முதலெழுத்துக்களும் கீறப்பட்டிருந்தது தெரியவந்தபோது நகர நிர்வாகம் கவலைப்பட்டதற்குக் காரணம் இதுதான். கீறலோடு அந்த மூங்கில் பட்டுப்போகும் வரை நிற்க வேண்டும். இல்லாவிட்டால் வெட்டி எறிய வேண்டும்.

இன்னொன்று: இது தானாக வளர்ந்து கிடக்கும் வனமல்ல. முதிர்ந்ததை வெட்டி, நெருக்கத்தைக் குறைத்து, ஒளி புக இடம் விட்டுப் பராமரிக்கும் தோப்பு. பராமரிக்க ஆளில்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு ஜப்பானிலேயே உதாரணங்கள் நிறைய. கூடைக்கும் முறத்துக்கும் பதில் பிளாஸ்டிக் வந்தது. மூங்கில் குருத்து வெளிநாட்டிலிருந்து மலிவாக இறங்கியது. கிராமங்களில் வயோதிகர்கள் மட்டும் மிஞ்சினார்கள். கைவிடப்பட்ட தோப்புகள் நிலத்தடி வேர்த்தண்டை நீட்டிப் பக்கத்துக் காடுகளை விழுங்குகின்றன. அதற்கு 'மூங்கில் தொல்லை' என்று பொருள்படும் தனிச்சொல்லே அங்கே உருவாகிவிட்டது.

<b>இளவரசிகள் நடந்த வழி</b>

பாதையின் ஒரு முனைக்கு அருகில் நோனோமியா என்ற சிறிய ஷின்டோ கோயில். அதன் நுழைவு வளைவு, பட்டை உரிக்கப்படாத மரத்தால் ஆனது. பழைய நாளில் இசே மகாகோயிலில் பணிபுரியத் தேர்வான அரச குலப் பெண்கள் இங்கே தங்கி விரதமிருந்து தூய்மை பெற்ற பிறகே பயணம் புறப்படுவார்கள். பதினோராம் நூற்றாண்டில் முரசாகி ஷிகிபு எழுதிய 'கெஞ்சியின் கதை' நாவலில் ஒரு பிரிவுக் காட்சி நடப்பதும் இந்த இடத்தில்தான். பதினான்காம் நூற்றாண்டோடு அந்த வழக்கம் நின்றுபோனது. இப்போது நல்ல வரன் வேண்டியும் சுகப்பிரசவம் வேண்டியும் வருகிறார்கள்.

மறுமுனையில் ஒகோச்சி சான்சோ மாளிகை. சாமுராய் வேடங்களில் கொடிகட்டிப் பறந்த நடிகர் டென்ஜிரோ ஒகோச்சி (1898-1962) பல ஆண்டுகள் பார்த்துப் பார்த்து உருவாக்கிய தோட்டம் அது. இரண்டுக்கும் நடுவே தென்ரியூஜி என்னும் ஜென் மடாலயம். பேரரசர் கோ-டைகோவின் ஆன்மா சாந்தியடைய 1339இல் நிறுவப்பட்டது. அவரைப் பதவியிலிருந்து விரட்டிய ஆஷிகாகா தகாவுஜியே அதைக் கட்டுவித்தார் என்பது வரலாற்றின் வேடிக்கை. 1994இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் அது சேர்க்கப்பட்டது.

<b>கூட்டமும் வேண்டும், அமைதியும் வேண்டும்</b>

ஜப்பானுக்கு 2019இல் வந்த வெளிநாட்டவர் 3 கோடியே 18 லட்சம் பேர். அவர்களில் கணிசமானோரின் பட்டியலில் இந்தக் குறுகலான பாதையும் இருந்தது. 2020 பிப்ரவரியில் கொரோனா பீதியால் கூட்டம் வற்றியபோது அரஷியாமா கடைக்காரர்கள் சோர்ந்து உட்காரவில்லை. வெகுநாளுக்குப் பிறகு இங்கே மனிதர்களைவிட குரங்குகள் அதிகம் என்று குறும்பாகச் சுவரொட்டி அடித்து உள்நாட்டு மக்களை அழைத்தார்கள். சிரிக்கவைத்த அந்த விளம்பரத்துக்குள் ஒரு வேதனையும் இருந்தது. கூட்டம் கழுத்தை நெரித்தது உண்மை. அது இல்லாமல் பிழைப்பு நடக்காது என்பதும் உண்மை.

2022 அக்டோபரில் எல்லைகள் முழுமையாகத் திறந்தன. 2024இல் வருகை 3 கோடியே 68 லட்சத்தைத் தாண்டியது. வாடகைக் கிமோனோ அணிந்த பெண்கள், கை ரிக்ஷாக்கள், கொடி பிடித்த வழிகாட்டிகள் எல்லாம் திரும்பியாயிற்று. எந்த நேரத்தில் எங்கே எவ்வளவு நெரிசல் இருக்கும் என்று வானிலை அறிக்கைபோல நகரச் சுற்றுலா அமைப்பு முன்னறிவிப்பு தருகிறது. கூட்டத்தை நாள் முழுவதும் பரப்பிவிடுவதே நோக்கம்.

அதிகாலைப் பயணியால் தோப்புக்கு நன்மை. ஆனால் கடைத்தெருவுக்கு லாபமில்லை. ஏழு மணிக்குப் பார்த்து முடித்தவர், ஷட்டர் தூக்குமுன்பே ரயிலேறிவிடுகிறார். தவிர, சுற்றிலும் குடியிருப்புகள். விடியற்காலையில் சக்கரப் பெட்டி உருளும் சத்தமும் உரத்த பேச்சும் யாரோ ஒருவருடைய தூக்கத்தைத்தான் கெடுக்கும்.

இரண்டு தரப்புக்கும் பாதகமில்லாத வழி ஒன்று உண்டு. ஆறு மணி சுமாருக்கு வந்து, குரலைத் தாழ்த்தி, வேலியைத் தாண்டாமல் நடக்கலாம். தாண்டினால் காலடியில் நசுங்குவது அடுத்த ஆண்டின் முளைதான். பிறகு தொகெட்சு பாலத்தில் ஆற்றைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தால், எட்டரை மணிக்குத் தென்ரியூஜி தோட்டம் திறக்கும். முசோ சோசெகி அமைத்த குளத்தில் மேற்கு மலைகளின் நிழலைப் பார்த்துவிட்டு வெளியே வரும்போது கடைகளும் திறக்கத் தொடங்கியிருக்கும். காலை உணவை அங்கேயே சாப்பிடலாம்.